ஆமையை நம்பிய லீட்

அந்த ஆமைச் சீட்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தொம்மலூர் ஆபீஸ் கேன்டீன் மேஜை, எதிரில் எங்கள் டீம் லீட். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவர். அவருடைய அப்பா சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்தவர். மதியம் டப்பாவை மூடியதும் லீட் சீட்டுக்கட்டை எடுத்துவிடுவார். ரம்மி இல்லை. மந்திரங்களும் மிருகங்களும் அச்சடித்த சீட்டுகள். அவரவர் விருப்பப்படி ஒரு கட்டு சேர்த்துக்கொண்டு மோத வேண்டும்.

லீடுடையது கன்ட்ரோல் டெக், எதிராளியை ஆடவிடாமல் தடுக்கிற கட்டு. கட்டில் பாதிக்கு மேல் தடுப்புச் சீட்டுகள். நான் எதை இறக்கினாலும் ஒரு சீட்டை வைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். எரிச்சலாக வரும். ஆனால் தடுத்துக்கொண்டே இருந்தால் ஜெயிக்க முடியாதே! கடைசியில் அடித்து முடிக்க ஒரு மிருகம் வேண்டும், அதுதான் ஃபினிஷர். எந்த மிருகம் என்பதில்தான் எங்களுக்குள் தினமும் சண்டை. கழுகை வையுங்கள், மூன்றே அடியில் முடிந்துவிடும் என்பேன். கழுகை யார் வேண்டுமானாலும் ஒரே சீட்டில் கொன்றுவிடலாம், ஆமையை எந்த மந்திரமும் தொடாது என்பார். ஆமை பத்து தடவை அடிக்க வேண்டும், அவ்வளவுதான்!

"கொஞ்சம் பொறு. எல்லாம் சேஃப் ஆவட்டும், அப்பறம் எறக்கலாம்."

மனுஷர் சொந்த விஷயத்திலும் அப்படித்தான். எங்களுக்குள் பிடித்தம் என்பது டீ கொண்டுவருகிற அண்ணனுக்குக்கூடத் தெரியும். இவர் மட்டும் கல்யாணம் என்று வாயைத் திறக்கமாட்டார். தங்கச்சி கல்யாணம் ஆகட்டும், அப்பாவுக்கு மூச்சிரைப்பு குறையட்டும், சொந்தமாக ஒரு வீடு வரட்டும். போதாததற்கு அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். என் அப்பாவோ அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஆசாமி. மூன்று வருஷம் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை போட்டிக்குக் கூட்டிப்போனார். கடைசி ஆட்டம். எதிராளியிடம் ஒன்றும் மிச்சமில்லை, லீட் கையில் ஆமை. இறக்குவாரா? இன்னொரு தடுப்புச் சீட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார். அது வந்து, ஆமையை இறக்கி, நான்காவது அடி அடிக்கும்போது நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். டிரா. ஜெயித்து முடித்திருக்க வேண்டிய ஆட்டம்.

பஸ் ஸ்டாப்பில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்குப் பத்து மணிக்கு என்னைப் பொண்ணு பாக்க வராங்க லீட். ஜெயநகர் மாப்ள. அப்பாவுக்குப் புடிச்சுப்போச்சு. நீங்க ஆமைய வெச்சுக்கிட்டு உக்காந்திருங்க." சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் ஏறினேன். அது எங்கே போகிற பஸ் என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் காக்ஸ் டவுன் வீட்டில் காலிங் பெல். திறந்தால் லீட்! ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் முதல் ரயிலைப் பிடித்திருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. அப்பா பேப்பரை மடித்தார்.

"சார், எனக்கு சொந்த வீடு இல்ல. தங்கச்சி கல்யாணம் ஆவல. அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. நாங்க கிறிஸ்டியன்ஸ். நீங்க வேணாம்னு சொல்ல இவ்ளோ காரணம் இருக்கு. அப்டியும் கேக்கறேன், உங்க பொண்ண எனக்குக் குடுப்பீங்களா?"

ஐயோ, ஒரு தடுப்புகூடக் கையில் இல்லாமல்! மறுப்பதற்கு வேண்டியதையெல்லாம் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றார். அந்த நிமிஷம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்தது.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அப்பா எழுந்து ஜெயநகருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு லீட் பக்கம் திரும்பினார். "சரின்னு நான் இன்னும் சொல்லல. அடுத்த ஞாயித்துக்கிழம வா, பேசலாம்."

சரி என்று சொல்ல அப்பாவுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. லீட் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. என் கல்யாணத்தில் என்னைவிட அப்பாதான் அதிகம் அழுதார்.

தன் கடைசி வருஷத்தில் அப்பாவுக்கு ஞாபகம் போய்விட்டது. எங்களோடுதான் இருந்தார். என் பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் காலை எட்டு மணியானால் வாசலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்: "அந்தப் பையன் இன்னும் வரலியா?"

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் என் கணவர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், காலிங் பெல்லை அடிப்பார்.