‘மற்றும் பலர்’ என்று எழுதாத பகவதி

வெள்ளிக்கிழமை பல்கலைக்கழக ஊடகப் பிரிவில் பகவதிக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் இருந்தவர்கள் பத்துப் பேர். உதவியாளர் கிருஷ்ணன்குட்டி, தட்டச்சர் லில்லி, புகைப்படக்காரர் சஜி, இணையதள வேலைக்கு வரும் மாணவி அனீஷா, கேன்டீன் சுபைதா, தோட்டம் பார்க்கும் மணியன், நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த பகவதியின் தம்பி ஆறுமுகம், எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் வீட்டு வேலை செய்யும் தங்கம், பகவதி மாடியில் குடியிருந்த வீட்டுக்காரியான நான், பிறகு இயக்குநர். கடைசியில் சொன்னவரின் பெயரை நான் எழுதவில்லை. எல்லாக் குறிப்பிலும் அவரே எழுதிக்கொள்கிறார், அது போதும்.

மறுநாள் அலுவலகம் செய்தி வெளியிட்டது: கூட்டத்துக்கு இயக்குநர் தலைமை வகித்தார், மற்றும் பலர் கலந்துகொண்டனர். ‘மற்றும் பலர்’ என்ற இரண்டு சொற்கள் பகவதிக்கு எப்படி எரியும் என்று அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வாரம், காலையில் நைவேத்தியத்துக்குச் சாதம் வடித்து இறக்கியபோது கிருஷ்ணன்குட்டியின் போன் வந்தது. “மாமி, பகவதி சேச்சி ஆபீஸ் படியில இருந்தா. பின்னெ எழுந்நேற்கவே இல்ல.” படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். அன்று சுவாமிக்கு வெறும் சாதம்தான். உப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு முன், நாற்பத்தாறு வயதில், அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு அவள் ஊடகப் பிரிவில் சேர்ந்தாள். முதல் நாள் சாயங்காலம் எப்படியிருக்கிறது என்று கேட்டேன். “நல்ல வேலையாக்கும் மாமி. பெரியவங்க சிரிக்கணும், நாங்க படம் எடுக்கணும், சிரிச்சாங்கன்னு எழுதணும். கசேர மட்டும் இன்னும் தரல்ல.” ஒன்பது நாள் லில்லியின் மேஜை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பத்தாம் நாள் ஒரு நாற்காலி வந்தது. அதற்கு ஒரு கை இல்லை.

நான் எட்டாவதுவரை படித்தவள். மீதியெல்லாம் பேப்பர் பார்த்தும் வீட்டுக் கணக்கு எழுதியும் நானாகக் கற்றுக்கொண்டது. பல்கலைக்கழகம் என்றால் சரஸ்வதி குடியிருக்கும் இடம் என்று நம்பியிருந்தேன். பகவதி அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினாள். வருஷா வருஷம் பெரியவர்கள் மரம் நடுகிறார்களே, எல்லாம் ஒரே குழியாம். படம் எடுத்ததும் மணியன் அந்தக் கன்றைப் பெயர்த்துக் கேன்டீனுக்குப் பின்னால் வைத்துவிடுவார். அடுத்த விருந்தாளிக்குக் குழி வேண்டுமே. “அங்க தழைச்சு நிக்கது எல்லாம் மணியண்ணன் வச்சதாக்கும். செய்தியில வந்தது அந்தக் குழி மட்டும்தான்.”

சண்டை ஒரு குத்துவிளக்கில் தொடங்கியது. ஏதோ கருத்தரங்கம். ஐந்து பிரமுகர்கள் விளக்கேற்றும் படம். காற்றுக்கு இரண்டு கையையும் மறைத்து நின்றவர் கிருஷ்ணன்குட்டி. பகவதி படக்குறிப்பில் ஆறாவதாக அவர் பெயரையும் எழுதினாள். இயக்குநர் சிவப்பு மையால் அடித்து, இந்த ஆள் பெயர் எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார்.

“இயாள்டெ பேரு எந்தினா பகவதி?”

“சாறே, அந்தக் கை இல்லேன்னா விளக்கு அணைஞ்சிருக்கும்.”

“அது வேண்டா. மற்றும் பலர்னு போட்டா மதி.”

அதை வந்து சொன்னபோது நான் அவளைத்தான் கடிந்துகொண்டேன். “புது வேலை. வாயை மூடிண்டு இருக்கப்படாதோ?”

“மற்றும் பலர்னு பேரு வச்சு யாரும் பிள்ளையைப் பெறல்ல மாமி,” என்றாள். என்னிடம் பழைய நோட்டு இருக்கிறதா என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அலுவலகம் எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் போட்டு, இடமிருந்து வலமாக எல்லார் பெயரையும் தாளில் குறித்து வந்தாள். தெரியாத முகம் இருந்தால் மறுநாள் போய்க் கேட்டு வருவாள். சாயங்காலங்களில் அவள் வாசிக்க, வீட்டுக் கணக்குக்குக் கோடு போட்டுப் பழகிய கையால் நான் நோட்டில் பத்தி பிரித்து எழுதினேன். மூன்று நோட்டு நிறைந்தது.

எனக்கும் ஒரு குட்டு கிடைத்தது. எங்கள் தெருவில் திருவிளக்கு பூஜை. கலந்துகொண்டவர்கள் பட்டியலை நான்தான் எழுதி ஒட்டினேன். பகவதி நின்று முழுவதும் படித்தாள்.

“நூத்தியெட்டு விளக்கும் தேச்சது யாராக்கும்?”

“தங்கம்.”

“அவ பேரு எங்க? அம்மனுக்குத் தெரியும், எழுத வேண்டாம்னு விட்டேளோ?”

அடுத்த பட்டியலில் தங்கத்தின் பெயர் முதலில் இருந்தது. இரண்டு மாமிகள் என்னுடன் பேசுவதை நிறுத்தினார்கள். நாமம் சொல்லக் கூடுதல் நேரம் கிடைத்தது.

இரங்கல் கூட்டத்துக்கு வருகிறேன். மேஜையில் வைத்து மாலை போட்டிருந்த படத்தில் பகவதியின் தோளோடு நீலத் துணி மூடிய இன்னொரு தோள் ஒட்டியிருந்தது. அவள் தனியாக நின்ற படம் ஒன்றுகூட அந்த அலுவலகத்தில் இல்லை. ஏதோ கூட்டப் படத்திலிருந்து வெட்டியிருக்கிறார்கள். எந்தப் படம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டாம் நோட்டைத் திறந்தேன். அவள் பெயர் வரும் ஒரே படம் 212, வலது ஓரம்: பகவதி, அவளுக்கு இடப்பக்கம் சுபைதா.

இயக்குநர் நான்கு நிமிஷம் பேசினார். அதில் மூன்று நிமிஷம் வரப்போகும் ஆண்டுவிழா மலரைப் பற்றி. பழைய படங்களெல்லாம் அதில் வருகிறதாம். முடிந்ததும் நான் போய், பெயர்கள் மூன்று நோட்டாக என்னிடம் இருக்கின்றன என்றேன். “அதெல்லாம் எந்தினா மாமி? ஸ்தலம் இல்ல. ஆக்ரிக்காரனுக்குக் கொடுத்தேக்கூ,” என்று சிரித்தார். இடம் இல்லையாம், பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொல்கிறார். முழுப்பக்கம் அவர் வாழ்த்துரைக்கு இடம் இருக்கிறது. ஆறுமுகம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் உழைப்பைப் பற்றி அந்த அலுவலகம் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

இத்தனை படித்தவர்கள் நடுவே இருந்துகொண்டு, ஒரு கை இல்லாத நாற்காலியில் அவள் செய்த ஒரே உருப்படியான வேலை என் அலமாரியில், ராமாயணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது, ஒரு கூட்டத்துக்குள் போனதும் யார் யார் நிற்கிறார்கள் என்று ஓரத்திலிருந்து பார்க்கும் பழக்கம். நோட்டுகள் எனக்குரியவை அல்ல. அவற்றில் இருப்பவர்களுடையவை.

இயக்குநர் அவர்களுக்கு: மலர் அச்சுக்குப் போவதற்குள் அந்தப் பெயர்களைப் படங்களுக்குக் கீழே போடுவீர்களா, மாட்டீர்களா? போடுவதானால் நானே வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். நாற்காலி வேண்டாம், ஸ்டூல் போதும். பகவதியின் பதினாறாம் நாள் வருகிற செவ்வாய். ஆறுமுகத்திடம் சொல்வதற்கு எனக்கு அதற்குள் ஒரு பதில் வேண்டும்.