நீலத் துணியில் முதல் வெட்டு

எங்கள் தையல் கடையில் நான் காஜா எடுத்துப் பட்டன் தைப்பவள். எதிர் மிஷின் டெய்லரம்மாவுடையது. மிஷினை ஒட்டிய நாற்காலியில், சாயாமல் இருக்கத் துணிப்பட்டை கட்டி, அவள் மகள் உட்கார்ந்திருப்பாள். கால் நடக்காது, கழுத்து நிற்காது, பேச்சு குழறும். சிரிப்பு மட்டும் தெருமுனை வரை கேட்கும். "பெரிய மனுஷி" என்றுதான் தாய் கூப்பிடுவாள். "பிள்ளைய வீட்டுல விட்டுட்டு வரலாமே" என்று ஒரு வாடிக்கைக்காரி புத்தி சொன்னாள். "நீங்க வாயை விட்டுட்டு வந்திருக்கலாமே" என்றாள் டெய்லரம்மா. முதலாளி பல்லைக் கடித்தார். அவளைப் போல வெட்டுகிற கை அவருக்கு வேறு கிடைக்காது.

டெய்லரம்மாவின் அக்காக்காரி தன் மகள் கல்யாணத்துக்குத் துணி கொண்டுவந்தாள். குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே நீலத்தில் மேடையில் நின்று படம் எடுக்க வேண்டுமாம்.

"பெரிய மனுஷிக்கும் இதுலதானே?" என்றாள் டெய்லரம்மா.

அக்காக்காரி மென்று முழுங்கினாள். "அவ எதுக்குடி மேடைக்கு? மாப்பிள்ளை வீட்டுல யாரு என்னன்னு கேப்பாங்க. அன்னைக்கு ஒருநாள் வீட்டுலயே இருக்கட்டும். யாராவது கேட்டா உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். சிரிப்பு நின்றுவிட்டது. அக்காக்காரிமேல் எனக்குக் கோபம் வந்தது. டெய்லரம்மா துணியை வாங்கி வைத்தாள். இவளுக்கா வாயடைத்துப் போனது என்று அவள்மேலும் கோபம் வந்தது.

மறுநாள் துணியை விரித்து, முதல் வெட்டை மகளுக்குப் போட்டாள். கை விறைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு உடுப்பைத் தலைவழியாக மாட்ட முடியாது. முதுகை முழுக்கத் திறந்து, இரு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்து, கையை அகலமாக வெட்ட வேண்டும். அது துணியைத் தின்னும்.

"மத்தவங்களுக்குப் பத்தாதேக்கா," என்றேன்.

"தெரியும். நீ காஜாவை எடு."

தைத்ததை வாங்க வந்த அக்காக்காரி எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாள். "என்னோடது எங்கடி?"

"துணி பத்தல."

"நான் பொண்ணோட அம்மாடி. எப்படி மேடை ஏறுவேன்?"

டெய்லரம்மா மிஷினை நிறுத்தினாள். "அன்னைக்கு ஒருநாள் நீ வீட்டுலயே இரு, அக்கா. யாராவது கேட்டா உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கலாம்."

அக்காக்காரியின் முகம் சுண்டிப்போனது.

கல்யாணத்தன்று அக்காக்காரி வேறு நிறத்தில் ஓரமாக நின்றாள். நானும் டெய்லரம்மாவும் நாற்காலியைத் தூக்கி மேடையின் நடுவில் வைத்தோம். போட்டோக்காரர் சொல்வதற்கு முன்பே பெரிய மனுஷி சிரித்துவிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

"இந்தப் பொண்ணு யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்.

"எம் பொண்ணுங்க," என்றாள் டெய்லரம்மா, கடைசி வரிசை வரை கேட்கும்படி. "உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கா."