மோட்டார் சைக்கிளுக்கு ஓர் ஒழுகாத கூடாரம்

கூடாரம் விற்கிற தொழிலில் ஒரு சங்கடம்: வாங்குகிறவர் அதற்குள் ஒரு ராத்திரி படுத்துப் பார்த்துவிட்டு வாங்க முடியாது, விற்கிறவனோ படுத்துப் பார்த்தவன் மாதிரியே பேசியாக வேண்டும். கடை வாசலில் நின்று அடுத்தவர் சரக்கைப் புகழ்ந்து பிழைக்கிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். நம் வாயில் வருவதில் பாதி முதலாளி சொல்லிக்கொடுத்தது, மீதி வந்தவர் கேட்க ஆசைப்பட்டது.

என் விஷயத்தில் ஒரு வித்தியாசம். நான் நிஜமாகவே படுத்தவன். ரங்கூனில் பிறந்து, தமிழும் இங்கிலீஷும் படித்து, ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். பர்மா சர்க்கார் எங்களைக் கிளம்பச் சொன்னபோது எனக்கு நாற்பத்து நாலு வயது. கப்பல் மெட்ராசில் இறக்கிவிட்டது. அங்கே அகதி முகாமில் சர்க்கார் கொடுத்த கூடாரத்தில் மனைவியோடு ஏழு மாதம் இருந்தேன். பிறகுதான் பம்பாய்த் தாராவியில் தார்ப்பாய்ப் பட்டறை வைத்திருந்த அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், பட்டறையில் எல்லோருக்கும் அண்ணாச்சி, எனக்கும் அப்படித்தான். லாரிக்குத் தார்ப்பாய், கடைக்குப் படுதா, இதுதான் அவர் தொழில். செம்பூர், மாட்டுங்கா பக்கத்து ஆபீஸ் பையன்கள் செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிள் வாங்கி, சனிக்கிழமையானால் மலைப் பக்கம் போய் வெட்டவெளியில் தங்கி வர ஆரம்பித்திருந்தார்கள். வண்டியில் கட்டிக்கொண்டு போக அவர்களுக்குச் சின்னக் கூடாரம் வேண்டும். இங்கிலீஷ் தெரிந்தவன் என்று அண்ணாச்சி என்னை முன்னால் நிறுத்தினார். “நீரு அதுக்குள்ளயே குடியிருந்த ஆளுல்லா, உமக்குத் தெரியாததா வே?”

அப்படி நான் விற்ற கூடாரங்களில் ஒன்றில் ஒரு பிள்ளை செத்துப்போனான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றது வழியில் வருகிறது.

நின்றுகொண்டு பேண்ட் மாட்ட வேண்டும்

முதலில் வந்தவர் செம்பூர்க்காரர், மருந்துக் கம்பெனி விற்பனையாளர். ரத்னகிரி வரை மோட்டார் சைக்கிளிலேயே போய் டாக்டர்களைப் பார்க்கிறவர். வழியில் இருக்கிற லாட்ஜ் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து கூடாரத்துக்கு வந்திருந்தார். கேரியரில் மருந்துப் பெட்டி போக ஒரு தலையணை அளவு இடம்தான் மிச்சம், மடித்தால் அதில் அடங்க வேண்டும். விரித்தால் உள்ளே நின்றுகொண்டு பேண்ட் மாட்ட வேண்டும். மழைக்கு ஒழுகக் கூடாது, வெயிலுக்குப் புழுங்கக் கூடாது, நனைந்தாலும் கனக்கக் கூடாது.

நான் பொறுமையாகச் சொன்னேன். கனத்த கான்வாஸ் ஒழுகாது, ஆனால் நனைந்தால் இரண்டு பங்கு எடை, வண்டியின் பின்பக்கம் அலையும். மெல்லிசு நன்றாக மடியும், ஆனால் மழையில் உள்ளேயிருந்து விரல் பட்ட இடமெல்லாம் சொட்டும். நின்றுகொண்டு பேண்ட் மாட்ட வேண்டுமென்றால் கம்பு ஆறடி. உட்கார்ந்து மாட்டினால் மூன்றரை அடி போதும். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் தையல்காரர் சுடலை மிஷினை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்காமலே சொன்னார்: “அண்ணாச்சி, மடிச்சா கக்கத்துல அடங்கணும், விரிச்சா நின்னுக்கிடணும்னா அவுக கேக்கது கூடாரமில்ல, குடை.”

கம்பு

கடைசியில் அவர் நாலரை அடிக் கம்பு வைத்த கூடாரத்தோடு போனார். துணி அழகாகச் சுருண்டு கேரியரில் உட்கார்ந்தது. கம்பு இரண்டையும் என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. லாரிக்குத் தைக்கிற பட்டறைக்கு நீளம் ஒரு பிரச்சினையாகத் தோன்றியதே இல்லை. அவர் அவற்றைக் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மான்குர்த் தாண்டவில்லை. எதிரே வந்த கைவண்டியில் கம்பு இடித்து, வண்டி ஒரு பக்கம், மருந்துக் குப்பிகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பத்து நாள் கழித்து கையில் மாவுக்கட்டோடு வந்தார். சண்டை போடுவார் என்று பார்த்தேன், போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம் கம்பை மூன்று துண்டாக்கி, இரும்புக் குழாயில் செருகுகிற மாதிரி செய்தோம். கூடாரத்தைத் தரையில் விரித்துப் பார்க்காதே, வண்டியில் கட்டிப் பார் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேனே, அந்தப் புத்தி அவர் கையெலும்பு கொடுத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “சார், என் வண்டி அகலம் ரெண்டரை அடி, உங்க கூடாரம் அகலம் நாலரை அடி. வித்தப்போ ரெண்டையும் நீங்கதானே பார்த்தீங்க?”

தண்ணீர்ப் பரீட்சை

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த எதையும் நாலு மூலையில் கயிறு கட்டித் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் வரை விட்டுவிடுவார்கள். கீழே மண் காய்ந்திருந்தால் சரக்கு பாஸ். லாரிக்காரர்கள் இதை நேரில் பார்த்துத்தான் வாங்குவார்கள். கூடாரம் வந்த பிறகு அதையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தொங்கவிட்டார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் காய்ந்த மண்தான் மானம்.

நான் மட்டும் ஒரு நாள் வாயைத் திறந்தேன். கூடாரத்துக்கு உச்சியில் கையகலம் ஒரு ஓட்டையும், மழை விழாமல் அதற்கு மேல் ஒரு மூடாக்கும் வேண்டும் என்றேன். காரணமும் சொன்னேன். முகாமில் எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் ஒருத்தி அடைமழையில் வாசலை இறுக்கிக் கட்டிவிட்டு உள்ளேயே கரியில் சோறு பொங்கினாள். நனைந்த கான்வாஸில் நூல் பருத்து, இழைக்கு நடுவே இருக்கிற கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும், தண்ணீரும் வராது, காற்றும் வராது. அவளுடைய இரண்டு குழந்தைகளும் துவண்டு கிடந்ததைப் பார்த்து யாரோ ஒருவர் கத்தியால் துணியைக் கிழித்துவிட்டார். பிழைத்தார்கள்.

அண்ணாச்சி முழுக்கக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் உச்சியில் ஓட்டை போட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று அவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. “இருவது வருசமா ஒழுகாதுன்னுதாம் வே நம்மட்ட வாராம். ஓட்டைய நானே போட்டு நானே விக்கணுமாக்கும்? தாராவி பூராச் சிரிக்கும்.”

இரண்டு மூட்டை

மாட்டுங்காவிலிருந்து ராமநாதன் என்ற பையன் வந்தான். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம், பாங்கியில் வேலை, இருபத்தாறு வயது. வீட்டில் ராமு. மூன்று சனிக்கிழமை வந்தான், ஒவ்வொரு தடவையும் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பான். அதற்குள் நான் சுடலையைக் கெஞ்சி, உச்சியில் ஓட்டையும் மூடாக்கும் வைத்து ஒன்று தைத்து வாங்கியிருந்தேன். ஓட்டை இல்லாததையும் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மூடாக்குத் துணியும் அதற்கான கம்பியும் சேர்ந்ததில் என்னுடைய மூட்டை ஒரு பிடி பெரிதாக இருந்தது. பின்னால் ஒரு சிநேகிதனும் உட்கார வேண்டும். வண்டியில் வைத்துக் கட்டினால், அந்த ஒரு பிடி சிநேகிதனின் முதுகில் முட்டியது.

அப்போது அண்ணாச்சி இரண்டையும் தொங்கவிடச் சொன்னார். அவருடையதில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. என்னுடையதில் நேராகக் கொட்டி, பையனின் செருப்பு நனைந்தது. பட்டறையே சிரித்தது. ராமு மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, “சார், உங்களுக்குன்னா நீங்க எதை எடுப்பேள்?” என்றான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் வீட்டுப் பரணுக்குக் கீழே இருக்கிற அறையில்தான் நானும் மனைவியும் குடியிருந்தோம். தலைகீழாகத் தொங்குகிற கூடாரத்தில் யாரும் படுப்பதில்லை, தம்பி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். “ஒழுகாததை” என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. “அப்போ இதையே கட்டுங்கோ. அம்மா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், நனைஞ்சுண்டு ஜுரத்தோட வந்து நிக்கப்படாதுன்னு.”

வியாழக்கிழமை வந்தவர்

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமைக் காலையில், ரயில்வேயில் ரிடையரான ஒருவர் டாக்ஸியிலிருந்து எங்கள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ராமுவின் அப்பா. உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மலையில் நல்ல மழை. பிள்ளைகள் கூடாரம் அடித்து, வாசலை உள்ளேயிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, குளிருக்குக் கரியடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டிருக்கிறார்கள். கனல் அணையட்டும் என்று அப்படியே விட்டுப் படுத்துவிட்டார்கள். சிநேகிதனுக்கு மண்டை இடித்து வாந்தி வந்திருக்கிறது, ஊர்ந்துபோய் வெளியே விழுந்தான். ராமு அசந்து தூங்குகிறான் என்று நினைத்துக்கொண்டான். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. படுக்கை காய்ந்து கிடந்தது என்று அப்பா இரண்டு தடவை சொன்னார்.

பிறகு எதற்கு வந்தார் என்பதைச் சொன்னார். கரியடுப்பைக் கொடுத்து அனுப்பியது ராமுவின் அம்மா. வழியில் கண்ட ஹோட்டலிலும் சாப்பிட வேண்டாம் என்று, சின்ன இரும்பு அடுப்பு, ஒரு டப்பா கரி, காப்பிப்பொடி எல்லாம் அவர்தான் கட்டிக்கொடுத்தார். பிள்ளைக்கு மாரடைப்பு என்று இவர் சொல்லி வைத்திருக்கிறார். அந்த அம்மா நம்பவில்லை. அடுப்பு இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுவதில்லை. “கூடாரம்தான் கோளாறுன்னு நீங்க வந்து அவகிட்ட சொல்லணும். சண்டைக்கு வரலை, கேஸ் போடலை. எனக்கு மிச்சம் இருக்கறது அவ ஒருத்திதான்” என்றார்.

அவர் வெளியே போய் நின்றதும் அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “போவாதீரும் வே. தப்பு நம்மளுதுன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா, நாளைக்கு நாலு பேரு கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?”

இரண்டாம் மாடி

போனேன். மாட்டுங்காவில் இரண்டாம் மாடி, வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு இன்னும் கிடந்தது. அந்த அம்மா சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். என்னை விட இரண்டு மூன்று வயதுதான் பெரியவர், என்றாலும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நான் பொய் சொல்லத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்தால் வந்ததெல்லாம் உண்மையாக இருந்தது. கூடாரத்துக்கு உச்சியில் ஓட்டை வேண்டும், நாங்கள் வைக்கவில்லை. வேண்டும் என்று எனக்குத் தெரியும். உங்கள் பிள்ளை என்னிடம் நேராகக் கேட்டான். நான் மாற்றிச் சொன்னேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்லி நான் வந்திருக்கிறேன், ஆனால் இது அவர் சொல்லிக்கொடுத்தது இல்லை.

அந்த அம்மா, பின்னால் நின்ற கணவர் அழுகிறாரா என்று கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “காத்து போகாத கூடாரமா குடுத்தேள்?” என்றார். ஆமாம் என்றேன். “அடுப்பு இல்லேன்னா?” என்றார். மெட்ராஸ் முகாமிலிருந்து அந்த நிமிஷம் வரை நான் பார்த்தது, கேட்டது, படித்தது எல்லாவற்றுக்கும் விரோதமாக, “அடுப்பே இல்லாட்டியும் இப்படித்தான் ஆகியிருக்கும், அம்மா” என்றேன்.

அவர் என் முகத்தை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஒரு தாயாருக்குப் பொய் தெரியாமல் போகுமா? கோபிப்பார், எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பால் நிலைப்படியைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். “பொய்தான், தெரியறது. இன்னொரு தரம் சொல்லுங்கோ.”

அண்ணாச்சி இப்போது ஓட்டை வைக்கச் சம்மதித்துவிட்டார், நானும் சின்னக் கூடாரம் கேட்டு வருகிறவர்களிடம் கம்பு நீளத்துக்கு முன்னால் உங்கள் வீட்டில் என்ன கட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்கிறேன், அவர்கள் என்னை ஒரு சாப்பாட்டுராமன் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.