கஜனி சொன்ன சாட்சி

கஜனி மூளையைப் படித்தவள். சொந்த ஊரான வட்டக்கச்சியில் இதைச் சொன்னால் டொக்டர் என்று நினைத்து, தலையிடிக்கு என்ன குளிசை நல்லது என்று கேட்பார்கள். மனிதர் ஒன்றை எப்படி நினைவில் வைக்கிறார்கள், வைத்த நினைவுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் அவளுடைய துறை என்று அவள் விளக்கத் தொடங்கினால் அரைவாசியில் எழும்பிப் போய்விடுவார்கள்.

அவளுடைய தகப்பன் ராஜரத்தினத்துக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த குடும்பம். வாய்க்கால் முடியும் இடத்தில், காணி உறுதிப் பத்திரம் ஒன்றும் இல்லாமல், மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவர்கள் இருந்தார்கள். ராஜரத்தினத்தின் வயலில் நாற்று நட்டதும் களை பிடுங்கியதும் அவர்கள்தான். அழகம்மா அவர்களில் ஒருவர். அவருடைய மகன் பிரதீபனும் கஜனியும் ஒரே வகுப்பில் படித்தார்கள். ஆனால் அவன் கஜனி வீட்டுப் படலையைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வரச் சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதுமில்லை.

போர் முடிந்த நாளில் இரு குடும்பங்களும் ஒரே வரிசையில் பாலத்தைத் தாண்டி வந்தன. இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று இராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிரதீபன் தன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் இருந்த பால்மாப் பையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போய் ஒரு பஸ்ஸில் ஏறினான். அதன் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கஜனி முகாமிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதினாள். கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் போனாள். பிறகு புலமைப்பரிசில் கிடைத்து நெதர்லாந்து போய், எலிகளுக்குப் பயத்தைப் பழக்கி, அந்தப் பயம் மூளையில் எங்கே தங்குகிறது என்று வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளை வழிநடத்திய பேராசிரியர் ஒருநாள், “உங்கள் ஊரில் இருப்பது உலகில் வேறெங்கும் கிடைக்காத தரவு” என்றார். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

கலாநிதிப் பட்டத்தோடு திரும்பி வந்து வவுனியாப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானாள். முதலாம் வருட மாணவர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்: ஒரு நினைவை எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது மூளைக்குள் கொஞ்சம் இளகுகிறது, பிறகு மறுபடி இறுகுகிறது. இளகியிருக்கும் நேரத்தில் பிறர் சொன்னதும் கனவில் கண்டதும் அதில் ஒட்டிக்கொள்ளும். அதிகம் சொல்லப்பட்ட நினைவே அதிகம் மாறியிருக்கும். சொல்பவருக்கோ அதில்தான் உறுதியும் அதிகம்.

வன்னியில் ஒரே கதையை அதிகம் சொன்னவர்கள் யார் என்று அவள் தேடத் தேவையிருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டிலில் படங்களோடு வருடக்கணக்காக இருந்தார்கள். ஆணைக்குழுவுக்குச் சொன்னதை வெளிநாட்டுக்காரருக்கும், அவர்களுக்குச் சொன்னதைப் பத்திரிகைக்காரருக்கும் சொன்னவர்கள். போர் முடிந்து இரண்டு வருடத்தில் ஒரு அமைப்பு அவர்களுடைய வாக்குமூலங்களை ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தது. அந்தப் பழைய பதிவையும் இப்போது சொல்வதையும் ஒப்பிட்டால் ஆய்வு தயார்.

அழகம்மாதான் முதலில் சம்மதித்தார். தலையில் மின்கம்பிகள் பொருத்திய தொப்பி போடவேண்டியிருந்ததால் எண்ணெய் வைக்காமல் வரச்சொல்லியிருந்தாள் கஜனி. அவர் ஷாம்பூ போட்டு முழுகி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இதுல எம்மவன் தெரிவானா தாயி?” என்று கணினித் திரையைக் காட்டிக் கேட்டார்.

“இல்லை அழகம்மாக்கா. நீங்கள் நினைக்கேக்க மூளையில ஓடுற மின்சாரம் மட்டும்தான் தெரியும்.”

“அது தெரிஞ்சாச் சரி. நான் பொய் சொல்லலன்னு இந்த மெசினு சொல்லுமில்ல.”

கஜனி தொப்பியின் கம்பிகளைச் சரிசெய்தாள்.

கட்டுரை ஒரு பெரிய ஆய்விதழில் வந்தது. பெயர்கள் இல்லை, வரிசை மாற்றிய எண்கள் மட்டும். ஏழாம் பங்கேற்பாளரைப் பற்றி ஒரு பந்தி இருந்தது: பழைய பதிவில் மகன் நீலச் சட்டை போட்டிருந்தான், இப்போதைய கதையில் வெள்ளைச் சட்டை. அப்போது தயங்கித் தயங்கிச் சொன்னவர், இப்போது சத்தியம் செய்கிறார். கடைசிப் பக்கத்தில் இன்னொரு வசனமும் இருந்தது. பாலம், பஸ், சான்றிதழ்ப் பை ஆகிய மூன்றும் எந்தப் பதிவிலும் மாறவில்லை என்று. அந்த வசனத்தை யாரும் மேற்கோள் காட்டவில்லை.

அடுத்த வருடம் அழகம்மாவின் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்தது. மகனை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இராணுவத்தைக் கேட்கும் வழக்கு. பஸ்ஸில் ஏறியதைக் கண்ட இன்னொரு சாட்சி இருந்தால் நல்லது என்றார் அவருடைய சட்டத்தரணி. அழகம்மா ஒரு பின்னேரம் கஜனி வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றார்.

“நீங்களும் அந்த வரிசையில நின்னீங்கதானே புள்ள. வந்து சொல்லுவீங்களா?”

“ஓம், வாறன்” என்றாள் கஜனி உடனேயே.

அழகம்மா போகும்வரை ராஜரத்தினம் திண்ணையில் காத்திருந்தார். பிறகு, “உனக்கென்ன விசரே?” என்றார். “அதுகள் கூலிச் சனம். அதுகளின்ர வழக்குக்குப் போய் உன்ர வேலையைக் கெடுக்கப் போறியோ?”

“நான் கண்டதைத்தானே அப்பா சொல்லப்போறன்.”

“கண்டனீதான். கண்டதெல்லாத்தையும் சொல்லவேணுமெண்டு ஆர் சொன்னது?”

கஜனி போனாள். அவள் வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மிகவும் மரியாதையானவர். பிரதீபன் பஸ்ஸில் ஏறியதைக் கண்டீர்களா என்று கேட்டார். கண்டனான் என்றாள். என்ன நிறச் சட்டை என்றார். வெள்ளை என்றாள்.

“உறுதியாகத் தெரியுமா கலாநிதி?”

“ஓம்.”

அவர் மேசையிலிருந்து சில தாள்களை எடுத்தார். “இதை எழுதியவர் நீங்கள்தானே?” என்று கேட்டு, அவளுடைய பதிலுக்குப் பிறகு நிதானமாக வாசித்தார். “‘ஒருவர் தன் நினைவில் உறுதியாக இருப்பது அந்த நினைவு உண்மை என்பதற்குச் சான்றாகாது.’ இதை இன்றைக்கும் ஏற்றுக்கொள்கிறீர்களா?”

“ஓம். ஆனால் அதே கட்டுரையில...”

“ஆம் என்றால் போதும். இதில் வரும் ஏழாம் பங்கேற்பாளர் யார்?”

“அதை நான் சொல்ல ஏலாது. சொல்லமாட்டன் எண்டு வாக்குக் குடுத்துத்தான் ஆய்வு செய்தனான்.”

பின்வரிசை வாங்கிலிருந்து அழகம்மா எழுந்தார். பிள்ளை எதிலோ மாட்டிக்கொண்டது, தான் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும். “அய்யா, அது நாந்தாங்க. புள்ள என்னயத்தான் கேட்டுச்சு. நாந்தான் எல்லாத்தையும் சொன்னேன்.”

சட்டத்தரணி அவர் பக்கம் திரும்பித் தலையைத் தாழ்த்தினார். “நன்றி அம்மா.”

அழகம்மாவின் சட்டத்தரணி எழுந்து ஆட்சேபித்தார். ஆனால் அவர் அந்தக் கட்டுரையை வாசித்திருக்கவில்லை. எதை ஆட்சேபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர் கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

“கலாநிதி, இந்த அம்மாவின் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஆராய்ந்தவர் நீங்கள். அந்த வெள்ளைச் சட்டை நீங்கள் கண்டதா, அவரிடம் கேட்டதா?”

கஜனி கண்ணை மூடித் தேடினாள். எப்படித் தேடவேண்டும் என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த மண்டபத்தில் இல்லை. பாலம் வந்தது. புழுதி வந்தது. பஸ்ஸின் படியில் கால் வைத்த ஒரு முதுகு வந்தது. சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் அதோடு ஒரு குரலும் வந்தது, அது அழகம்மாவின் குரல்.

“தெரியாது” என்றாள்.

மனு தள்ளுபடியானது. அவளுடைய கட்டுரையின் அந்த வசனம் தீர்ப்பில் முழுதாக இருந்தது. வெளியே வேப்பமரத்தடியில் அழகம்மாவின் சட்டத்தரணி கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, “நீங்கள் சாட்சிக்கு வராமல் விட்டிருந்தா அப்பிடியொரு கட்டுரை இருக்கெண்டே அவையளுக்குத் தெரிஞ்சிருக்காது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

கட்டுரைக்கு நீதிமன்றத்தால் பெயர் வந்தது. சட்டம் படிப்பவர்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு மாநாடுகளுக்கு அழைத்தார்கள். கஜனி சிரேஷ்ட விரிவுரையாளரானாள்.

கொட்டிலில் இருந்த தாய்மாருக்குத் தலைவியாக இருந்த ஜெகதீஸ்வரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கதிரை போட்டும் உட்காரவில்லை.

“இனி எங்கட வழக்குகளிலயும் உந்தக் கட்டுரையைத்தான் நீட்டுவினம், தங்கச்சி.”

“அக்கா, சட்டை நிறம் மாறினா நடந்தது நடக்கேல்லை எண்டு அர்த்தமில்லை. முக்கியமான விசயம் மாறாது எண்டும் அதில எழுதியிருக்கிறன்.”

“கோர்ட்டில சொன்னனீங்களோ?”

“சொல்ல விடேல்லை.”

“எங்களை ஆரும் விட்டே நாங்கள் கதைக்கிறம்?” என்றார் ஜெகதீஸ்வரி. படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

கஜனி அந்தக் கடைசிப் பக்க வசனத்தை வைத்து இன்னொரு கட்டுரை எழுதினாள். ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. தரவு போதாது, அதே பெண்களை மறுபடி சோதித்து வாருங்கள் என்றார்கள். கொட்டிலுக்குப் போனாள். ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அழகம்மா மட்டும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார்.

அவர் மறுபடியும் முழுகி, அதே சேலையோடு காத்திருந்தார். கஜனி ஒலிப்பதிவுக் கருவியைப் போட்டுவிட்டு, பாலத்தைத் தாண்டிய நாளைச் சொல்லுங்கள் என்றாள்.

அழகம்மா கருவிப் பக்கம் குனிந்தார். “நீங்க சொல்லுங்க தாயி. எப்புடிச் சொன்னாச் சரி?”

“சரி பிழை இல்லை அக்கா. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதைச் சொன்னாப் போதும்.”

“அதான் பிழைன்னு சொல்லிட்டாங்களே. நீங்க படிச்சவங்க, நீங்களே தெரியாதுன்னுதானே சொன்னீங்க. அப்ப எனக்கென்ன தெரியும்?” குரலில் குறை ஒன்றும் இல்லை. “ராவெல்லாம் யோசிச்சுப் பாத்தேன். நீலம்னு நெனச்சா நீலமா வருது. வெள்ளைன்னு நெனச்சா வெள்ளையா வருது. பையி குடுத்தானா, நாந்தான் கொண்டு வந்தனான்னும் வெளங்கல. இப்ப மொகமே சரியா வர்றதில்ல.”

மாறாது என்று அவள் எழுதிய மூன்றில் ஒன்று அவள் கண்முன்னே போய்விட்டது. அதைப் போக வைத்தது எந்தக் குண்டுமல்ல, அவளுடைய ஒரு வசனம். கருவி ஓடிக்கொண்டிருந்தது. இது இதுவரை யாரும் பதிவுசெய்யாத தரவு என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. வந்ததை அவள் கவனித்தாள். கருவியை நிறுத்தி எடுத்துக்கொண்டு எழும்பினாள். இரண்டாவது கட்டுரையை அதன் பிறகு அவள் தொடவில்லை.

பல நாள் கழித்து ஒரு காலை, வவுனியா பஸ்ஸில் அவள் இருந்த இருக்கைக்கு முன்னால் அழகம்மா இருந்தார். பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். குழந்தையைக் கொஞ்ச நேரம் அழகம்மா மடியில் வாங்கிக்கொண்டார்.

“உங்களுக்கு எத்தினை பிள்ளையள் அம்மா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. கட்டிக் குடுத்தாச்சு.”

“ஆம்பிளைப் பிள்ளை இல்லையோ?”

அழகம்மா குழந்தையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார். “இல்லீங்க” என்றார்.

முறிகண்டியில் பஸ் நின்றது. எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட இறங்கினார்கள். கஜனி இறங்கவில்லை. கோயிலடியிலிருந்து திரும்பி வந்த அழகம்மா அப்போதுதான் அவளைக் கண்டார். முகம் மலர, யன்னலுக்குள்ளால் வறுத்த கச்சான் கடலைச் சுருள் ஒன்றை நீட்டினார்.

“சாப்புடுங்க தாயி. புள்ளைங்களுக்குப் படிச்சுக் குடுக்கப் போறீங்க, வயித்தக் காயப் போடாதீங்க.”

கஜனி அதை வாங்கிக்கொண்டாள். கச்சான் சூடாக இருந்தது. சாரதி ஹோர்ன் அடித்தார். அழகம்மா ஏறி, முன் இருக்கையில் தன் இடத்தில் இருந்தார்.