ஓட்டிவிட்ட இடங்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டில் வீடியோ ரிமோட் அண்ணாவின் தனிச்சொத்து. வேறு யாரும் அதைத் தொடுவதில்லை. படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் போதும், அண்ணாவின் பெருவிரல் எழும்பிவிடும். திரையில் கோடுகள் விழ, கதாநாயகனும் கதாநாயகியும் எறும்புகள் மாதிரி அங்குமிங்கும் ஓடுவார்கள். ஆபத்து கடந்துவிட்டது என்று தெரிந்ததும் அண்ணா விரலை எடுப்பார். நாங்களும் ஒன்றும் நடக்காத மாதிரி மிச்சக் கதையைப் பார்ப்போம். தமிழ்ப் படங்களுக்கு இதனால் ஒரு நட்டமும் வந்ததில்லை. ஓட்டிய இடத்தில் என்ன இருந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஒரு பாட்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வீட்டில் நாலு பேர். அண்ணா, அவருடைய மனைவியான என் மச்சாள், நான், மேல் அறையில் வாடகைக்கு இருந்த அண்ணாவின் சிநேகிதர். அண்ணாவும் அந்த அறைக்காரரும் யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடம், லண்டனில் ஒரே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். கலியாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் கலியாணமாகாத ஆணுக்கு அறை கொடுப்பதென்றால் எங்கள் ஆட்களிடம் அதற்கொரு வழி உண்டு. வந்த முதல் நாளே அவரை எனக்கு அண்ணை ஆக்கிவிட்டார்கள். நான் அவருக்குத் தங்கச்சி. அதோடு ஊர் வாய்க்குப் பூட்டுப் போட்டாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி.

எங்கள் இரண்டு பேருக்கும்தான் அந்தப் பூட்டு எட்டு மாதம்கூடத் தாங்கவில்லை. நான் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் காசு வாங்கும் டில்லில் இருந்தேன். வேலை முடிந்து வரும்போது அவர் பஸ் தரிப்பில் நிற்பார். முதல் வாரம் தற்செயல் என்று நம்பினேன். மழையென்றால் குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் ஒரு முழம் தள்ளி நனைந்தபடி வருவார். எங்கள் தெரு மூலை வந்ததும் குடையை என்னிடம் தந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் மாதிரித் திரும்பிவிடுவார். கையைக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் கட்டினால் இவரைத்தான் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அவருக்கும் அதே எண்ணம், சொல்லத்தான் பயம். உங்கள் அண்ணாவின் வீட்டில் சோறு தின்றுவிட்டு எந்த முகத்தோடு கேட்பது என்பார். கொஞ்சம் பொறுங்கோ என்பார். அவர் பொறுங்கோ சொல்லிச் சொல்லியே எனக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த நேரத்தில் கனடாவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளையின் படத்தை அண்ணா என்னிடம் காட்டினார். நான் பேசாமல் இருந்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்து முடிவு சொல்வதாக அவர்களிடம் பேசிவிட்டார். எனக்கு மிஞ்சியிருந்தது ஒரு சனிக்கிழமை.

சனி மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு படம் பார்ப்பது வீட்டு வழக்கம். கசெட் எடுத்துவருவது அறைக்காரரின் வேலை. அன்று தமிழ்க் கடையில் புதுப்படம் ஒன்றும் இல்லையாம். கவுன்சில் நூலகத்துக்குப் போய் ஒரு பிரெஞ்சுப் படத்தோடு வந்தார். அட்டையில் ஒரு நீள மேசையைச் சுற்றி ஒரு குடும்பமே சிரித்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கிழவர் ஒருவர், குழந்தைகள், காலடியில் ஒரு நாய். நல்ல குடும்பப் படம் என்று நினைத்தாராம், பாவம் மனுசன்.

பத்தாவது நிமிடத்தில் அண்ணாவின் பெருவிரல் எழும்பியது. பிறகு அதற்கு ஓய்வே இல்லை. அந்தப் படத்தில் சண்டை பிடித்தாலும் முத்தம், சமாதானமானாலும் முத்தம். ஒருத்தியின் பழைய புருசன் அவளுடைய சிநேகிதியோடு இருக்கிறான். சிநேகிதியின் முந்தைய ஆள் இவளுடைய தங்கச்சிக்குப் பூக்கொத்து அனுப்புகிறான். ஆங்கிலத்தில் கீழே ஓடிய எழுத்துகளைப் படித்து மச்சாளுக்குத் தமிழில் சொல்வது என் பொறுப்பு. படத்தை ஓட்டினால் எழுத்தும் சேர்ந்தே ஓடிவிடும். இடையில் விட்டதை மச்சாள் தன் புத்தியால் நிரப்பிக்கொண்டு வந்தார். கதாநாயகியின் வீட்டில் உயரமான ஒருவன் இருந்தான். அவளுடைய சாமான் பைகளைத் தூக்குகிறான், குழாய் திருத்துகிறான், பிந்தி வந்தால் ஏசுகிறான். அவன் தமையன்தான், வேறு யார் இப்படிப் பார்ப்பார்கள் என்று மச்சாள் தீர்ப்புச் சொன்னார். அண்ணாவும் தலையாட்டினார். அறைக்காரர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விசயம் விளங்கிவிட்டது. அந்த ஓடுகிற கோடுகளுக்குள்ளேயே போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

கடைசிப் பகுதியில் கதாநாயகி வெள்ளை உடுப்போடு வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றாள். மாப்பிள்ளையாக நின்றவன் அந்த உயரமானவன்.

மச்சாள் நெஞ்சில் கை வைத்துவிட்டார். "இஞ்சருங்கோ, உவள் தமையனையல்லோ கட்டுறாள்."

அண்ணா படத்தை நிறுத்தினார். மணமக்கள் திரையில் நடுங்கியபடி நின்றார்கள். இப்படியான படத்தையெல்லாம் கவுன்சில் எப்படி நூலகத்தில் வைத்திருக்கிறது என்று அண்ணா கொதித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சொல்லாவிட்டால் நாளைக்குக் கனடா. சொல்லிவிட்டேன்.

"அவர் தமையன் இல்லை, அண்ணா. நீங்கள் ஓட்டிவிட்ட இடங்களிலதான் எல்லாம் நடந்தது. இந்த வீட்டிலயும் அப்பிடித்தான். நான் கனடாவுக்குப் போக மாட்டன். கட்டினால் இவரைத்தான் கட்டுவன்."

பிறகு அறைக்காரர் எழுந்து நின்றார். ஓம், எனக்கும் விருப்பம், முதலே நான்தான் கேட்டிருக்க வேண்டும் என்றார். அண்ணாவின் முகத்தைப் பார்த்தே முழுவதையும் சொல்லி முடித்தார். அண்ணா கத்தவில்லை. கசெட்டை வெளியே எடுத்து அட்டைக்குள் வைத்து அவர் கையில் கொடுத்தார். படத்தின் முடிவை நாங்கள் பார்க்கவில்லை.

என் பெயருக்கு ஒரு சொல் வரக்கூடாது என்று அறைக்காரர் மறுநாள் காலையே ஒரு சூட்கேசோடு லண்டனின் தெற்கே ஸ்ட்ரெதத்தில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வேலையும் தேடிக்கொண்டார். அண்ணா கனடாவுக்குப் போன் எடுத்துப் பிள்ளைக்கு விருப்பமில்லை என்று உள்ளதைச் சொன்னார். வேறு சாட்டுச் சொல்லாததை இன்றும் மதிக்கிறேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

நான் ஒளித்து எதுவும் செய்வதில்லை என்று தீர்மானித்தேன். ஞாயிறு தோறும் பத்து மணிக்கு வெளிக்கிட்டு முன்னறை வாசலில் நிற்பேன். "அண்ணா, நான் ஸ்ட்ரெதம் போறன். ஆறு மணிக்கு வந்திடுவன்." அவர் பேப்பரை விட்டுத் தலையைத் தூக்க மாட்டார். ரயில் ஏறி, தேம்ஸ் ஆற்றைக் கடந்து, பஸ் மாறி ஸ்ட்ரெதம் போவேன். அங்கே பூங்காவில் இருவரும் நடப்போம். குளிர் கூடினால் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருப்போம். சொன்னபடி ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறப்பேன். ஒருநாள் ரயில் தாமதமாகி, தெரு முழுக்க ஓடி வந்தேன்.

வேலை இடத்தில் ஒருத்தி, இரண்டு சாட்சியைப் பிடித்துப் போய்ப் பதிவு செய்துவிட்டு வரவேண்டியதுதானே என்றாள். என்னால் முடியாது. இரண்டு ஷிப்ட் அடித்து என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவர் அண்ணா. அவருடைய கதிரை வெறுமையாகக் கிடக்க எனக்கொரு கலியாணம் வேண்டாம். அண்ணாவை விட்டுக் கொடுக்கவும் மாட்டேன், இவரை விட்டுக் கொடுக்கவும் மாட்டேன் என்று அறைக்காரரிடமே சொன்னேன். அப்படியென்றால் நாங்கள் இந்தப் பூங்காவிலேயே கிழடாக வேண்டியதுதான் என்றார். ஆவோம் என்றேன்.

இரண்டாம் மாதம் ஒரு ஞாயிறு, வெளிக்கிடும்போது மச்சாள் என் பைக்குள் ஒரு ஐஸ்கிரீம் பெட்டியை வைத்தார். திறந்து பார்த்தால் சோறும் மீன்குழம்பும். யாருக்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பெட்டி போனது. அண்ணா அந்தப் பக்கம் பார்ப்பதேயில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏழாவது மாதம், ஒரு ஞாயிறு ஆறு மணிக்கு வந்து முன்னறையை எட்டிப் பார்த்தேன். அண்ணா தனியாக இருந்தார். டீவியில் அதே பிரெஞ்சுப் படம், தொடக்கத்திலிருந்து. லண்டனுக்கு வந்து ஒருநாளும் நூலக வாசலை மிதிக்காதவரின் கையெழுத்தோடு புத்தம் புது நூலக அட்டை கதிரைக் கையில் கிடந்தது. ரிமோட் எட்டாத தூரத்தில், டீவிக்கு மேலே.

"இரு," என்றார்.

இருந்தேன். உயரமானவன் குழாய் திருத்தி முடித்துக் கையைத் துடைத்தான். கதாநாயகி கிட்ட வந்தாள். அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணாவின் பெருவிரல் எழும்பியது, வெறும் விரல். அதை மற்ற விரல்களுக்குள் மடித்துக்கொண்டு குளிருக்கு மூட்டியிருந்த காஸ் அடுப்பைப் பார்க்கத் தொடங்கினார். நான் திரைச்சீலையைப் பார்த்தேன். அந்த இரண்டு பேரும் ஒரு அவசரமும் இல்லாமல் முத்தமிட்டார்கள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது, அழுகையும் வந்தது. படம் முடியும்வரை அண்ணா எழும்பவில்லை. கடைசியில் அட்டையில் இருந்த அந்த நீள மேசை வந்தது. விட்டுப் போனவர்கள், சண்டை பிடித்தவர்கள், பழைய புருசன், பூக்கொத்துக்காரன், ஒருவர் பாக்கியில்லாமல் வந்து கதிரைக்குப் போட்டி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அண்ணா எழும்பி, போனைத் தூக்கி, நம்பரைச் சொல்லு என்றார். சொன்னேன். மறுபக்கம் யார் எடுத்தார் என்பதை அண்ணாவின் முதுகு நிமிர்ந்ததில் கண்டுகொண்டேன். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"என்ர வீட்டு ஐஸ்கிரீம் பெட்டி இருபத்திரண்டு உன்னட்டைக் கிடக்கு," என்றார். "வாற சனி கொண்டுவந்து தா. சாப்பிட்டிட்டுப் போகலாம்."