மெத்தையின் வலது கால்

வண்டிக் கதவைத் திறந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றுவார். கழற்றியதை டிரைவர் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, வலது பாதத்தை இடது கெண்டைக்காலில் ஒரு தேய் தேய்த்துத் துடைத்துக்கொண்டு ஆக்சிலேட்டர்மேல் வைப்பார். அதற்குப் பிறகுதான் சாவி. "செருப்பு மாட்டிக்கிட்டு வண்டி ஓட்டுறது, கையுறை மாட்டிக்கிட்டுச் சாப்பிடுற மாதிரி" என்பார். கேட்கிறவர் சிரிக்காவிட்டால் அவரே சிரித்துக்கொள்வார்.

எல்லோரும் அவரை மெத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயரைக் கேட்டு ஆள் குண்டாக இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் ஒட்டடைக்குச்சி. ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள்தான் அவருடைய சவாரி. வயிற்றில் தையல், இடுப்பில் கம்பி, கண்ணில் கட்டு என்று யாராவது சக்கர நாற்காலியில் வெளியே வந்தால் வார்டு நர்சே அவருக்குப் போன் போட்டுவிடுவார். அவர் வண்டியில் போனால் தையல் போட்ட இடம் தையல் போட்டதையே மறந்துவிடும் என்று அந்த நர்ஸ்தான் முதலில் சொன்னார். வாசலில் நிற்கும் மற்ற ஓட்டுநர்கள் வயிற்றெரிச்சலில் வைத்த பெயர் மெத்தை. வைத்தவர்களே இப்போது தங்கள் வீட்டு நோயாளிகளுக்கு அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நோயாளி ஏறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். "கண்ணை மூடிக்குங்க, வீடு வந்ததும் நானே எழுப்புறேன்." அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. ரேடியோவும் கிடையாது. என்ஜின் பேசும்போது நடுவில் யாரும் பேசக் கூடாது என்பது அவருடைய சட்டம். காருக்குக் கல்யாண வயது நெருங்கிவிட்டது. கூரைத் துணி தொய்ந்து, குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறார். ஆனால் சீட்டில் ஒரு கறை பார்க்க முடியாது. காரை "நம்ம ஆளு" என்றுதான் சொல்வார்.

வண்டியில் எந்தக் கோளாறு என்றாலும் அவர் போய் நிற்பது மனைவியின் தம்பி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில். மச்சான் நல்ல மெக்கானிக். ஆனால் அத்தான் வந்தால் அவனுக்கு வேலையே இருக்காது. பானெட்டைத் திறக்கும் முன்பே இவர் தீர்ப்பை எழுதிவிடுவார். "மூணாவது பிளக் சரியில்ல மச்சான். கால்ல வந்து சொல்லுது" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவது பிளக்கில் கரி பிடித்திருக்கும். இன்னொரு தடவை என்ஜினைத் தாங்கும் ரப்பர் கிழியத் தொடங்கியதை மறுநாளே பாதத்தால் கண்டுபிடித்துவிட்டார். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் என்று ஒரு கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, அதை அத்தானுக்கு முன்னால் வெளியே எடுக்கவே மச்சான் கூச்சப்பட்ட காலமும் உண்டு.

இப்படிப்பட்ட மனிதரின் வண்டி துள்ள ஆரம்பித்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு வெட்டு, வேகம் எடுக்கும்போது இன்னொரு வெட்டு. கூடவே டேஷ்போர்டில் என்ஜின் விளக்கும் எரிந்தது. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினான். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சார் தப்புக் கணக்குச் சொல்வதாக வந்தது. பார்த்தால் அதன் ஒயர் உரசி உரசித் தோல் உரிந்திருந்தது. புது ஒயர் போட்டான். விளக்கு அணைந்தது. மெத்தை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "விளக்குதான் அணைஞ்சுது. வெட்டு அப்படியே இருக்கு" என்றார்.

பிறகு பிளக்கை மாற்றினான். காயிலை மாற்றினான். த்ராட்டிலைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கழுவி மாட்டினான். பெட்ரோல் பில்டரை மாற்றினான். ஒவ்வொரு முறையும் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தால் வண்டி வெண்ணெய்யாக ஓடும். மெத்தை ஓட்டினால் துள்ளும். "உன்னைப் பாத்தா நல்ல பிள்ளையா நடிக்குது. என்கிட்டதான் எல்லா வம்பும்" என்று மெத்தை வண்டியைத் திட்டினார். மெக்கானிக்குக்கு அது முதலில் வேடிக்கையாக இருந்தது. போகப் போகத் தொழிலே மறந்துபோய்விட்டதோ என்று பயம் வந்தது.

ஒருநாள் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, என்ஜினைப் பார்த்தபடியே மெத்தை அந்த விஷயத்தைச் சொன்னார். வயிற்றில் புதுத் தையலோடு ஒரு அம்மா பின்சீட்டில் படுத்திருந்தார். சிக்னலில் வண்டி ஒரு குதி குதித்ததும் அவர் போட்ட அலறலில் பக்கத்து வண்டிக்காரர்கள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்கள். கூட இருந்த மகன் மரியாதையாகத்தான் சொன்னான். "ஓரமா நிறுத்துங்க ஐயா. வேற வண்டி பாத்துக்குறோம்." வெயிலில், நடுரோட்டில், அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு போனார்கள்.

"திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல மச்சான். ஐயான்னு சொன்னான் பாரு" என்றார் மெத்தை. "உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

அக்காவுக்குத் தெரியாதது எது என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான். அவள் அதற்கு முந்தைய வாரம்தான் போனில் வேறொரு கதையைச் சொல்லிச் சிரித்தாள். "ஒரு கால்ல செருப்போட வீட்டுக்குள்ள வர்றார்டா. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, குனிஞ்சு காலைப் பாத்துட்டு அப்புறமா 'அட'ங்கிறார். தெருமுனையில கிடந்துச்சு." அவனும் சிரித்தான். அத்தானுக்குச் சர்க்கரை ஏறிப் பல வருஷம் ஆகிறது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார், வராவிட்டால் இல்லை. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை.

கடைசியில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு அத்தானுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். அந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வண்டி ஓடும்போதே கோடு கோடாகப் போட்டுக் காட்டும். அந்தப் பெடலுக்குள் இரண்டு சென்சார்கள் உண்டு. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகவே இரண்டு வைத்திருக்கிறார்கள். மெத்தை ஒர்க்‌ஷாப் தெருவை ஒரு சுற்று சுற்றினார். திரையில் இரண்டு கோடுகளும் ரம்பப் பல்லாக ஏறி இறங்கின. ஒன்று ஏறிய இடத்தில் இன்னொன்றும் ஏறியது. ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்றும் விழுந்தது.

"என்னடா காட்டுது?"

"பெடல்தான் அத்தான்" என்றான் மெக்கானிக். அவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. சென்சார் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கெட்டுப்போவது நடக்கிற காரியமா? ஆனாலும் பெடலையே முழுசாக மாற்றிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டான். மனிதன் விரும்பாத பதிலைத் தள்ளிப்போட எத்தனை பாகங்களை வேண்டுமானாலும் மாற்றுவான்.

புதுப் பெடல் வந்த அன்று மத்தியானம் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றி, தலைகீழாகப் படுத்து அதை மாட்டினான். மெத்தை ஏறி உட்கார்ந்து, வண்டியை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே மெல்ல அமுக்கினார். என்ஜின் உறுமியது, விக்கியது, மறுபடி உறுமியது. திரையில் அதே ரம்பப் பல். மெக்கானிக் குனிந்து தன் கையால் பெடலை அமுக்கினான். கோடு அலுங்காமல் ஏறியது. அலுங்காமல் இறங்கியது.

அவன் பலகையைத் திரும்ப மாட்டலாம் என்று ஸ்க்ரூக்களை எடுத்தான். ஒன்று குறைந்தது. மெத்தை கீழே இறங்கி, வெறுங்காலோடு காரைச் சுற்றிச் சுற்றித் தேடினார். "ஒரு ஸ்க்ரூவைப் பத்திரமா வைக்கத் துப்பில்ல. இவரு சென்சாரைக் கண்டுபிடிக்கப் போறாராம்" என்று வாய் ஓயவில்லை. மெக்கானிக் டார்ச்சை வைத்துக்கொண்டு சீட்டுக்கு அடியில் தேடினான், காருக்குள் விரித்திருந்த கால்மிதியை உதறினான், தரையில் காந்தத்தை ஓட்டினான். ஸ்க்ரூ கிடைக்கவில்லை. தேடிக் களைத்து மெத்தை பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டுக்கொண்டார்.

ஸ்க்ரூ அங்கே இருந்தது. குதிகாலுக்குச் சற்று முன்னால், சதைக்குள் முழுசாகப் போய், தலை மட்டும் வெளியே பளபளத்தது. அவர் நடந்த வழியெல்லாம் சிமென்ட் தரையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

"அத்தான், அசையாதீங்க."

"ஏன்டா, கிடைச்சிடுச்சா?" என்றார் அவர். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

மெக்கானிக் எத்தனையோ பேருடைய கை நசுங்கியதைப் பார்த்திருக்கிறான். இது அதைவிட மோசமாக இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் ஸ்க்ரூவை உருவினான். உருவும்போது அத்தானின் முகத்தையே பார்த்தான். மெத்தை சுவரில் தொங்கிய பழைய டயர் ட்யூபைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் "ஸ்ஸ்" என்றார். அதுவும் மரியாதைக்குச் சொன்ன மாதிரி இருந்தது.

"எப்பயிருந்து அத்தான்?"

"என்ன எப்பயிருந்து? தோல் தடிச்ச காலுடா. வெறுங்கால்ல ஓட்டி ஓட்டிக் காய்ச்சுப்போன கால்."

"டாக்டர்கிட்டப் போவோம்."

"தினமும் ஆஸ்பத்திரி வாசல்லதான் நிக்கிறேன். எனக்கு வழி காட்ட வந்துட்டான்."

மெக்கானிக் காயத்தைக் கழுவித் துணி வைத்துக் கட்டினான். பிறகு ஸ்கேனரை எடுத்துவந்து அத்தானிடம் நீட்டினான். இரண்டு சென்சாரும் ஒரே கோட்டைப் போடுவதையும், தன் கை அமுக்கியபோது அந்தக் கோடு நேராக ஏறியதையும் காட்டினான். "வண்டியில ஒண்ணுமில்ல அத்தான். உங்க கால்தான் விட்டு விட்டு அமுக்குது. எவ்வளவு அமுக்குறீங்கன்னு உங்களுக்கே தெரியல. நாளைக்கு பிரேக்கையும் இதே காலாலதான் மிதிக்கணும்."

மெத்தை திரையை வெகுநேரம் பார்த்தார். கோட்டைப் பார்த்தாரா, கோட்டுக்குப் பின்னால் எதையாவது பார்த்தாரா என்று சொல்ல முடியாது. கருவியைத் திருப்பிக் கொடுத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. வார்டு நர்ஸ். இடுப்பில் கம்பி வைத்த ஒரு பெரியவர் வீட்டுக்குப் போகிறார், வேறு யார் வண்டியிலும் ஏற மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், வர முடியுமா?

"இதோ கிளம்பிட்டேன் சிஸ்டர். அவரைப் பயப்படாம இருக்கச் சொல்லுங்க" என்றார் மெத்தை. நர்ஸிடம் பேசும்போது அவர் குரலில் பழைய உற்சாகம் வந்துவிட்டது. 

"நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

"பக்கத்துல உக்கார ஒரு டிரைவர் எதுக்குடா?"

"அப்ப போகாதீங்க. அந்தப் பெரியவர் உங்களை நம்பி ஏறுறார் அத்தான்."

"என்னை நம்பாம வேற யாரை நம்புவார்?" என்று சொல்லிவிட்டு மெத்தை வண்டியில் ஏறிக் கதவை அடைத்தார்.

வண்டி கிளம்பியது. மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வெட்டுக்காகக் காத்திருந்தான். வெட்டு வரவில்லை. வண்டி ஒர்க்‌ஷாப் முற்றத்தில் அரைவட்டம் அடித்து, பழைய நாட்களைப் போலவே, மடியில் வைத்த தண்ணீர்கூடத் தளும்பாதபடி நகர்ந்தது. ஒரு கணம் அவன் மனம் குளிர்ந்துபோனது. தான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும், கருவி பொய் சொன்னதாகவே இருக்கட்டும், எல்லாரும் தன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தான்.

வண்டி கேட்டை நோக்கித் திரும்பியபோது முன்கண்ணாடி வழியாக அத்தானின் தலை தெரிந்தது. முகம் தெரியவில்லை, உச்சி வழுக்கைதான் தெரிந்தது. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதம் பெடலை எவ்வளவு அமுக்குகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் ஓடினான். "அத்தான்! அத்தான்!" கண்ணாடி ஏற்றியிருந்தது. குறுக்கே ஓடிக் கேட்டுக்கும் காருக்கும் நடுவில் போய் நின்றான். கார் வந்துகொண்டே இருந்தது. அவன் தப்பி ஓடவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் பானெட்டை ஓங்கி அறைந்தான்.

உச்சி வழுக்கை விலகி முகம் வந்தது. மச்சானைக் கண்ட கண்கள் அகலமாக விரிந்தன. கார் ஒரு குலுங்கு குலுங்கி, என்ஜின் செத்து, பம்பர் அவன் முழங்காலில் முட்டியபடி நின்றது.

இருவரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெக்கானிக்கின் கைகள் பானெட்டின் மேலேயே இருந்தன. உள்ளே போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. மெத்தை அதை எடுக்கவில்லை. காலை எங்கே வைத்திருக்கிறோம் என்று குனிந்து பார்க்கவும் இல்லை. கையை நீட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, அதற்குமேல் வராது என்கிறவரைக்கும் இழுத்தார். இழுத்த கையை எடுக்காமல், இன்னொரு கையையும் கொண்டுவந்து அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார்.