சட்டியில் விழுந்த ரொட்டித் துண்டு

என் தங்கை சொலாஞ் தோர்னார் ஜெயித்தவை: ஆறு வயதில் இளம்பிள்ளை வாதம் சூம்ப வைத்த இடது காலோடு, சூடான சீஸ் சட்டியைச் சிந்தாமல் ஏந்தி நடக்கும் நடை, ஆண்களே நிரம்பியிருந்த விடுதிக்காரர் தேர்வில் இரண்டாம் முறை தேர்ச்சி, ரோமோன் ஊரின் 'நரிவால்' உணவகக் குத்தகை. மூன்றாவதான குத்தகையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். அன்று நானும் அந்த மேசையில் இருந்தேன்.

பழைய குத்தகைக்காரர் கடையை விட்டுப் போய்விட்டார்; புது ஆள் வரும்வரை சொலாஞ்தான் கடையைத் திறந்து வைத்திருந்தாள். அங்கே பல வருடம் ஃபோன்டு, அதாவது ரொட்டியை முக்கித் தின்ன ஒயினில் உருக்கும் சீஸ், கிண்டியவள் அவள். கட்டடச் சொந்தக்காரர் ரூஃபியூ, கடையை அவள் நடத்தட்டும், கையெழுத்தை அண்ணன் போடட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளுடைய வேலைப் பத்திரங்களில் அதுவரை அப்பாவும், அவருக்குப் பின் நானும்தான் கையெழுத்திட்டு வந்தோம். இம்முறை தன் பெயரில்தான் வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அதைப் பேசத்தான் அவரை அந்தக் கடைக்கே சாப்பிட அழைத்திருந்தாள்.

வெளியே அக்டோபர் மழை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரூஃபியூ மேசையில் சட்டியின் கீழிருந்த சிற்றடுப்பின் தீயைக் கூட்டுவார். சொலாஞ் வந்து குறைப்பாள். அவள் நகர்ந்ததும் மறுபடி கூட்டுவார். குத்தகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளோ சமையலறைக் கதவுக்கும் எங்கள் மேசைக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

அப்போது ரூஃபியூவின் முள்கரண்டியிலிருந்து ரொட்டித் துண்டு நழுவிச் சட்டிக்குள் விழுந்தது. ஃபோன்டு வழக்கப்படி, ரொட்டியைத் தவறவிட்டவர் மேசைக்கு ஒரு புட்டி ஒயின் வாங்கியாக வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் புட்டி கேட்டு மேசையைத் தட்டினார்கள்.

"கட்டடமே என்னுது. எனக்கென்ன தண்டம்?" என்று அவர் அடுத்த துண்டைக் குத்தினார்.

சொலாஞ் சட்டியைத் தூக்கிக்கொண்டாள். "புட்டி வரட்டும் ஐயா, சட்டியும் வரும்."

நான் அவள் செருப்பைக் காலால் இடித்தேன். "விடு, சொலாஞ்."

"நீ சும்மா இருண்ணே. போன வாரம் பாதிரியாரே வாங்கினாரு."

"நான் எந்திரிச்சுப் போயிட்டா?" என்றார் ரூஃபியூ.

"மழையில நனைவீங்க. குடை வேணும்னா தர்றேன்."

சீஸின் மேல் ஆடை படரத் தொடங்கியது. குத்தகை கைநழுவிப் போனது என்றே நினைத்தேன்.

ரூஃபியூ என் பக்கம் திரும்பினார். "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"அப்பவே விட்டிருப்பேங்க."

"அப்ப உன் கையெழுத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? குடிச்சிட்டு எவனாவது ரகளை பண்ணாலும் விட்டிருவே." பிறகு அவளிடம், "புட்டியைக் கொண்டா. அடிக் காந்தல்ல பாதி எனக்கு." சட்டியின் அடியில் முறுகிப் பிடிக்கும் சீஸுக்குத்தான் எப்போதும் போட்டி.

"காந்தல் எல்லாருக்கும் சமபங்குதான்," என்று சொல்லிச் சட்டியை மறுபடி தீயில் வைத்தாள்.

அடுத்த மாதம் குத்தகைப் பத்திரம் எழுத நோட்டரியின் அறைக்குள் அவர்கள் இருவரும் போனார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். சொலாஞ் தோர்னார் ஒரு பத்திரத்தில் முதன்முதலாகத் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டது 1974 நவம்பர் 11, திங்கட்கிழமை.